மூன்றாம் படுக்கையின் விரிப்பு

ஒரு பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. முடியும் என்று சொல்கிறவர்கள் அதைச் சுருட்டி வைக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களோடு மடிப்புக்காரருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் விரிப்பு மடித்தவர் அவர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் மடிப்புக்காரர்தான்.

இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓங்கி ஓர் உதறு. நீளவாக்கில் ஒரு மடிப்பு, அதன்மேல் இன்னொரு மடிப்பு. பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டும். சேருகிற இடத்தில் ஒருவர் கை மூலைகள் மற்றவர் கைக்கு மாறும். கூடத்தில் அவருக்கு எதிர் மூலை பிடித்தவர் ரேடியோ அக்கா. காலையில் திறந்த வாயை வேலை முடிகிற மணி அடிக்கும்வரை மூடாதவர் என்பதால் அந்தப் பெயர். அவர் இவரை ‘அண்ணே’ என்பார், இவர் அவரை ‘அக்கா’ என்பார். யார் யாருக்கு மூத்தவர் என்பது அங்கே இன்றுவரை தீராத வழக்கு.

வீட்டில் எதிர் மூலை பிடித்தவள் மனைவி. சனிக்கிழமை துவைத்த விரிப்புகளை இருவரும் முன்னறையில் நின்று மடிப்பார்கள். அறை சின்னது, எட்டடி நடந்தால் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்த எட்டடிக்குள் அவள் ஒரு ஜெபத்தை முடித்துவிடுவாள். வெளியூரில் இருக்கிற மகளின் பிரசவம், பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் வலி, எதிரே நிற்கிற வீட்டுக்காரரின் முன்கோபம், எதிர்வீட்டுப் பூனைக்கு வந்த கண்வலி என்று எதையும் விட மாட்டாள். இரண்டு பேர் கையும் சேரும்போது “ஆமென்” என்பாள். மடிப்புக்காரர் மூலைகளை வாங்கிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுப்பார். அவர் தனியாக ஜெபம் செய்ததே இல்லை. சர்ச்சுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற வித்தை அவருக்கு அத்துப்படி. ஜெபம் அவள் இலாகா, மடிப்பு தன் இலாகா என்று முப்பது வருடம் நிம்மதியாக இருந்துவிட்டார்.

அப்புறம் அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது.

நாலாம் மாடியில் அதற்கென்று ஒரு வார்டு இருந்தது. கண்ணாடி வார்டு என்பார்கள். மொத்தமே நாலு படுக்கை. மருந்து ஏற ஏற உடம்பு எதையும் எதிர்த்து நிற்க முடியாமல் போய்விடும் என்பதால் வெளிக்காற்றுகூட வடிகட்டித்தான் உள்ளே போகும். மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்கள் கை கழுவி, அங்கி மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரலாம். மடிப்புக்காரர் மட்டும் போகக் கூடாது. ஆஸ்பத்திரியின் அத்தனை அழுக்குத் துணியையும் தொடுகிறவர் ஆயிற்றே, சலவைக் கூடத்து ஆட்கள் அந்த வார்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று விதி. அந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, தன் வீட்டு விரிப்பைத் தானே மடித்தவராக இருக்க முடியாது.

அவர் சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார்.

“சார், ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு உள்ள போலாமா?”

“லீவுல இருந்தாலும் நீங்க லாண்டரி ஆளுதானே. ரூல்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“வேலையையே விட்டுட்டா?”

“விட்டுட்டா பெட்டு போயிடும். அது ஸ்டாஃப் ஃபேமிலிக்குன்னு ஒதுக்கின பெட்டு.”

“அப்ப நான் என்னதான் சார் பண்றது?”

சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். “சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாடி வழியா பாக்கலாம். காமணி நேரம்,” என்றார்.

அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் மடிப்புக்காரரின் நாள் முழுவதும் ஓடியது. நாலு மணிக்குத் திரை விலகும். மூன்றாம் படுக்கையில், முடி கொட்டிப்போன தலையோடு அவள் படுத்திருப்பாள். வாயெல்லாம் புண். பேச முடியாது. முதல் வாரத்தில் ஒரு நாள் அவள் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டி, பிறகு ஒரு விரலால் அவரைச் சுட்டினாள். அவர் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். யாரும் இல்லை. அவள் மறுபடியும் சுட்டினாள். இனிமேல் ஜெபம் உங்கள் வேலை என்கிறாள் என்று புரிந்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது.

அன்றைக்கே கண்ணாடிக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து முயன்று பார்த்தார். “ஆண்டவரே, நான்தான்,” என்று மனசுக்குள் ஆரம்பித்தார். எந்த நான் என்று சந்தேகம் வந்தது. “லாண்டரி,” என்று சேர்த்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. அவ்வளவுதான் முதல் ஜெபம்.

மறுநாள் கூடத்தில் ரேடியோ அக்காவோடு மடித்துக்கொண்டிருந்தபோது, கைகள் சேருகிற இடத்தில் அவரை அறியாமல் வாயிலிருந்து “ஆமென்” என்று வந்துவிட்டது.

“என்னண்ணே, என் மூஞ்சியப் பாத்தா கும்பிடத் தோணுதா?” என்றார் அக்கா.

அவர் வெட்கத்தோடு சனிக்கிழமைக் கதையைச் சொன்னார். எட்டடி நடை, பூனையின் கண்வலி, எல்லாவற்றையும். கேட்டு முடித்த பிறகு அக்கா நாலு விரிப்பு மடிக்கும்வரை பேசவில்லை. அது கூடத்தின் சரித்திரத்தில் எழுதி வைக்க வேண்டிய செய்தி. அக்கா சர்ச்சுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஆனாலும் அதற்குப் பிறகு மடிப்புக்காரர் மறந்துபோனால் மூலையைக் கொடுக்க மாட்டார். “இன்னும் முடிக்கலியேண்ணே,” என்று பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு வாரத்தில் அவரும் எதிர் மூலையிலிருந்து சேர்ந்து சொல்லத் தொடங்கினார். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு ஆமென்.

மடிப்புக்காரருக்கு இன்னொரு வழியும் இருந்தது, அவளைத் தெரிந்துகொள்ள. கண்ணாடி வார்டின் துணிகள் படுக்கைக்கு ஒரு பையாக, நம்பர் அட்டை கட்டித் தனியாக வரும். மூன்றாம் நம்பர் பையை அவரே பிரிப்பார். அவள் விரிப்பில் இடதுபக்கத்து மேல்மூலை மட்டும் எப்போதும் கசங்கியிருக்கும். வலி வரும்போது அந்த மூலையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொள்கிறாள் என்று அவருக்குத் தெரியும். வாயால் செய்ய முடியாத ஜெபத்தை அப்படிச் செய்கிறாள். லேசான கசங்கல் என்றால் நேற்று பரவாயில்லை. முறுக்கிப் பிழிந்த மாதிரி வந்தால் அன்று முழுக்க இவருக்குச் சோறு இறங்காது. எப்படியும் மூலை கசங்கி வந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த மூலையைக் கையால் நீவிவிட்டுத்தான் துவைக்கப் போடுவார்.

பெஞ்சில் அவருக்கு ஒரு துணை உண்டு. முதல் படுக்கைக்காரியின் கணவர், பஸ் டிரைவர். காத்திருந்து பழக்கமில்லாத மனிதர். உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் எதையோ மிதித்துக்கொண்டே இருக்கும். அவர் அங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய் வருவார், வந்து இவருக்குச் சேதி சொல்வார். “உங்க வீட்டம்மா இன்னைக்கு ரெண்டு ஸ்பூன் சூப் குடிச்சாங்க சார். தூக்கிப் புடிச்சேன்.” தன் மனைவியை இன்னொருவர் தூக்கிப் பிடித்துச் சூப் கொடுக்கிறார், தான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறோம் என்று நினைக்கும்போது மடிப்புக்காரருக்குப் பொறாமையாக இருக்கும். நன்றியாகவும் இருக்கும். இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, “தேங்க்ஸ் தம்பி,” என்பார்.

ஆமென் கதையை டிரைவரிடமும் சொல்லியிருந்தார்.

“எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கெடையாது சார்,” என்றார் டிரைவர். “ஆனா கேக்க நல்லாருக்கு. என் பொண்டாட்டி பெட்ஷீட்டுக்கும் ஒண்ணு போட்டு விடுங்க.”

“எல்லாத்துக்கும் போடறதுதான் தம்பி. ஆளுக்கு ஏத்த மாதிரியா போடறேன்?”

ஒரு புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு, கூடத்துச் சுவரில், மாடிகளின் அழுக்குத் துணி வந்து விழுகிற இறக்குக்குழாய் வழியாக ஒரு மஞ்சள் பை வந்து விழுந்தது.

மஞ்சள் பை என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம். இறந்தவரின் துணி மஞ்சள் பையில்தான் வரும், இரண்டு முறை துவைக்க வேண்டும். படுக்கை நம்பர் எழுத மாட்டார்கள், வார்டு மட்டும்தான். மடிப்புக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். நாலாம் மாடி, கண்ணாடி வார்டு.

ரேடியோ அக்காவின் வாய் பாதிப் பேச்சில் நின்றது.

நாலு படுக்கை. நாலில் ஒன்று. “ஆண்டவரே, லாண்டரி,” என்று மடிப்புக்காரர் அவசரமாகத் தொடங்கினார், “அவளா இருக்கக் கூடாது, அவளா இருக்கவே கூடாது.” அப்புறம்தான் அந்த ஜெபத்தின் மறுபக்கம் அவருக்குத் தெரிந்தது. அவள் இல்லை என்றால் யார்? முதல் படுக்கையில் டிரைவரின் மனைவி. இரண்டாவதில் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கையசைக்கிற கல்லூரிப் பெண். நாலாவதில் கண்ணாடி வழியாகவே இவர் சட்டைப் பித்தானைத் திருத்தச் சொன்ன வயசான டீச்சர். இவர்களில் யாரைக் காட்டிக் கொடுப்பது? அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கைப்பேசிகளை வேலை தொடங்கும்போதே சூப்பர்வைசர் வாங்கி மேஜை டிராயரில் பூட்டிவிடுவார். அன்றைக்கு அவர் சாவியோடு ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார். மடிப்புக்காரர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்படி வழியாக நாலு மாடியும் ஓடினார். கண்ணாடிக்குத் திரை போட்டிருந்தது. வார்டுக் கதவில் இருந்த பேசும் பெட்டியின் பொத்தானை அமுக்கினார். பகல் ஷிப்ட்டுக்கு அப்போதுதான் ஆள் மாறியிருந்தது. கேட்டுப் பழகாத குரல்.

“யாரு?”

“மூணாம் பெட்டு, சிஸ்டர். மூணாம் பெட்டு எப்படி இருக்காங்க?”

உள்ளே ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நீங்க யாரு அவங்களுக்கு?”

“வீட்டுக்காரர்.”

“கொஞ்சம் கீழ போய் உக்காருங்க சார். டாக்டர் வந்து பேசுவாரு.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். கால்ல விழறேன்.”

“மனசத் திடமா வச்சுக்குங்க,” என்றது பெட்டி. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கியும் அது பேசவில்லை. காவலாளி வந்து தோளைத் தொட்டு, நாலு மணிக்கு வரச் சொன்னான்.

கீழே போய் உட்கார்ந்தார். எதிரே சுவர்க்கடிகாரம். ஒன்பது ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. எந்த டாக்டரும் வரவில்லை. போய்க் கேட்கலாம்தான். கேட்டால் சொல்லிவிடுவார்களே. மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். முதல் வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு எழுந்து, வேறு எங்கே போவது என்று தெரியாமல், சலவைக் கூடத்துக்கே திரும்பினார்.

கண்ணாடி வார்டின் மற்றப் பைகள் வந்திருந்தன. ஒன்று, இரண்டு, நாலு. அவர் குனிந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். மூன்று இல்லை.

“வீட்டுக்குப் போண்ணே,” என்றார் அக்கா. “இத நான் பாத்துக்கறேன்.”

“வீட்ல என்னக்கா இருக்கு? வேற யாரும் இதத் தொட வேணாம். நான் தொவைக்கிறேன்.”

மஞ்சள் பையின் முடிச்சை அவிழ்த்தார். விரிப்பை எடுத்துப் பிரித்தார். கை தானாக இடதுபக்கத்து மேல்மூலைக்குப் போயிற்று. அது கசங்கவே இல்லை. இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. கடைசியில் கையை விட்டுவிட்டாள் என்று நினைத்தார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர் அந்த மூலையைப் பார்த்துத்தான் உடைந்தார். ஐம்பத்தாறு வயது மனிதர், விரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழுதார். பாய்லர் ஆள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

கண்ணாடி வார்டுக்கென்று இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். மஞ்சள் பை வந்தால் அதுதான் முதலில். மற்ற மூன்று பையும் காத்திருக்க வேண்டும். அவர் விரிப்பைப் போட்டு, வட்டக் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு அதன் முன்னால் நின்றார். இத்தனை நாள் அவளைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாயிற்று. இப்போது அவள் விரிப்பையும் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கோபம் வந்தது. முதல் முறையாக ஆண்டவரிடம் மரியாதை பார்க்காமல் பேசினார். “என்னத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. மனுசன் போட்ட ரூலு. உங்களுக்கு யார் ரூல் போட்டது? நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களா? அவ கையப் புடிச்சீங்களா?”

இயந்திரம் சுற்றியது. நுரை ஏறி இறங்கியது. அங்கே நின்றுகொண்டிருந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. எதிர் மூலையில் ஆள் இல்லாமல் அவள் ஒரு நாளும் விரிப்பைப் பிடித்ததில்லை. சோம்பல் பட்டுக்கொண்டு இவர் வரத் தாமதித்தால்கூட, தனியாக மடிக்க மாட்டாள். மூலையைப் பிடித்துக்கொண்டு வருகிற வரைக்கும் நிற்பாள். அப்படிப்பட்டவள் இத்தனை வாரம் அந்த மூலையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்திருப்பாளா? எதிரே யாரோ நின்றிருக்கிறார். அது இவர் இல்லை, இவரைத்தான் உள்ளே விடவில்லையே. ஆனாலும் ஒருவர் நின்றிருக்கிறார். சேருகிற இடம் வந்ததும் மூலையை அவர் கையில் கொடுத்துவிட்டாள்.

அழுகை நின்றதா என்றால் நிற்கவில்லை. ஆனால் தனியாக அழுகிற மாதிரி இல்லை. இது எப்படி என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பாரம் குறையவில்லை, இன்னொருவர் ஒரு பக்கம் பிடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

இரண்டு முறை துவைத்து, காய்ந்து வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. அவரும் அக்காவும் கை கழுவி, உடுப்பு மாற்றிக்கொண்டு, மடிக்கிற பக்கம் வந்து நின்றார்கள். ஓங்கி உதறவில்லை. மெல்லத்தான் விரித்தார்கள். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. நடக்கத் தொடங்கும்போது மடிப்புக்காரர் வாய்விட்டே சொன்னார்.

“ஆண்டவரே, லாண்டரி. அவள உங்க கையில குடுத்துட்டேன். பத்திரமா பாத்துக்குங்க. அவளுக்குக் குளிர் தாங்காது.”

கைகள் சேர்ந்தன. “ஆமென்,” என்றார்.

“ஆமென்,” என்றார் அக்கா. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மடித்த விரிப்பைத் தனியாக ஒரு தட்டில் வைத்துவிட்டு மடிப்புக்காரர் அப்படியே நின்றார். அக்கா மறுபடி கையுறை மாட்டிக்கொண்டு, காத்துக்கிடந்த முதல் நம்பர் பையைப் பிரிக்கப் போனார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணே.”

“என்னக்கா?”

“இங்க வாயேன். இந்த மூலையப் பாரேன்.”

முதல் படுக்கையின் விரிப்பு. இடதுபக்கத்து மேல்மூலை. முறுக்கிப் பிழிந்த மாதிரி கசங்கியிருந்தது.

மடிப்புக்காரர் பையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார், ஒன்று என்றுதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வார்டு ஆயா சுத்தத் துணி எடுத்துப்போகத் தள்ளுவண்டியோடு வந்தாள். அக்காதான் அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்.

“மொத பெட்டுல யாரு இப்ப?”

“இவரு வீட்டம்மாதான்,” என்றாள் ஆயா. “ஏன், உங்களுக்குத் தெரியாதா? நேத்து ராத்திரியே மாத்தியாச்சு. டிரைவர் சம்சாரத்துக்கு மூச்சு முட்டிப்போச்சு. பெரிய மெஷினு மூணாம் பெட்டுகிட்டதானே இருக்கு. உங்க வீட்டம்மாதான் கையக் காட்டி, நான் எந்திரிக்கிறேன், அவங்கள இங்க படுக்க வைங்கன்னாங்க. ரெண்டு பேர் புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்தோம். பாவம், அந்தப் பொண்ணு காலைல அஞ்சரைக்குப் போயிருச்சு.”

இருபத்திரண்டு வருடம் படுக்கை நம்பரோடே குடித்தனம் நடத்தியவர். பொண்டாட்டி பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டிய இடத்திலும் நம்பரைத்தான் சொல்லிக் கேட்டிருந்தார்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஸ்தோத்திரம்!” என்று கத்தினார். போன உயிர் திரும்பி வந்தவர் கத்துவது மாதிரி கத்தினார். அடுத்த நொடி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். தட்டில் மடித்த விரிப்பு அப்படியே இருந்தது. மஞ்சள் பையும் காலியாகக் கிடந்தது. காலையில் அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். சூப் ஊட்டிய மனிதர். சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரோ வீட்டுச் சாமானைத் திருடிக்கொண்டு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குத் திரை விலகியது. முதல் படுக்கை கண்ணாடிக்கு ரொம்பப் பக்கம். அவள் முகம் நேற்றைவிட வெளுத்திருந்தது. அடுத்த வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்; சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பிழைப்பாள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. இரண்டு விரலை மட்டும் தூக்கினாள். அவர் கண்ணாடியில் கையை வைத்தார். அவள் அந்த இரண்டு விரலாலேயே அவருக்குப் பின்னால் காட்டினாள்.

இந்த முறை பின்னால் ஆள் இருந்தது. பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை, அதில் மனைவியின் சாமான்கள். சீப்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலது கால் ஆடவில்லை.

மடிப்புக்காரர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

“எல்லா பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டாச்சு சார்,” என்றார் டிரைவர். “வண்டி வர அஞ்சு மணி ஆகுமாம். அதான்... எங்க போய் உக்கார்றதுன்னு தெரியல. காலு தானா இங்க வந்துருச்சு.”

“தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்.” மடிப்புக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். “காலைல பை வந்தப்ப, அவளா இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். மன்னிச்சிருங்க.”

டிரைவர் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். “எனக்கு வேண்டத் தெரிஞ்சிருந்தா நானும் அதத்தான் வேண்டியிருப்பேன்,” என்றார். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சீப்பை உள்ளே தள்ளினார். அது மறுபடியும் வெளியே வந்தது. “அவ படுத்திருந்த பெட்ஷீட்ட என்ன சார் பண்ணுவாங்க? தூக்கிப் போட்டுருவாங்களா?”

“இல்ல தம்பி. தொவைச்சு மடிச்சாச்சு.”

“யாரு?”

“நான்தான்,” என்றார் மடிப்புக்காரர். “பெட்டு மாத்தினது எனக்குத் தெரியாது. என் பொண்டாட்டின்னு நெனச்சுதான் தொவைச்சேன். அவளுக்கு எப்படிச் செய்வேனோ அப்படித்தான் செஞ்சேன்.”

டிரைவர் திரும்பி அவரைப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ திரையை இழுக்கத் தொடங்கினார்கள்; கால் மணி நேரம் முடிந்துவிட்டது.

“அந்த ஆமென்,” என்றார் டிரைவர். “அது சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நல்லா சொன்னீங்களா?”

“அழுதுகிட்டே சொன்னேன் தம்பி. அக்காவும் சொன்னாங்க.”

டிரைவர் தலையை ஆட்டினார். பையை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு, அன்று காலையிலிருந்து முதல் முறையாக அழுதார். மடிப்புக்காரர் அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். ஐந்து மணிக்கு வண்டி வரும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.